மீனா என்னும் பெயரில் மறைந்திருக்கும் திருக்கண்

சன்னிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் பெயரும் நட்சத்திரமும் கேட்பது வழக்கம். “மீனா” என்று விடை கூறும் பெண்மணிகள் பலர். பெற்றோர் மீனாட்சி என்று பெயர் சூட்டியிருப்பர்; செல்லமாக அழைத்த மீனாவே பின்னர் பள்ளிப் பதிவேட்டிலும் நிலைத்திருக்கும். இச்சிறு பெயரின் பொருளைச் சற்றே சிந்திப்போம்.

‘மீன’ என்பதும் ‘அக்ஷி’ என்பதும் சேர்ந்து மீனாக்ஷி ஆயிற்று. தமிழில் மீனாட்சி என வழங்குகிறது. அக்ஷி என்றால் கண். மீன் போன்ற கண்களை உடையவள் என்பது பொருள். இதனையே தமிழ் அங்கயற்கண்ணி என்று போற்றும். அம் என்பது அழகு. கயல் என்பது ஒருவகை மீன். திருஞானசம்பந்தப் பெருமான் தமது திருஆலவாய்ப் பதிகத்தில் அன்னையை இப்பெயராலேயே பாடியுள்ளார்.

மீனை உவமையாகக் கூறியது வடிவழகு கருதி மட்டுமன்று. பறவை தன் முட்டையைச் சிறகால் தழுவிக் காக்கும். மீன் கண்ணால் நோக்கியே குஞ்சாக்கும் என்பர். ஆமை நினைவினாலேயே காக்கும் என்பது ஆன்றோர் வாக்கு. குருவானவர் சீடனுக்கு அருளும் பரிச தீட்சை, நயன தீட்சை, மானச தீட்சை ஆகியவற்றுக்கு இம்மூன்றையும் உவமையாகக் காட்டுவர். மீனுக்கு இமைப்பும் இல்லை. அவ்வாறே அன்னையும் இமையாது நோக்கி உயிர்களைக் காக்கின்றாள்.

அங்ஙனமாயின், அருளுக்கு இடமான கண்ணை நீக்கிவிட்டு மீனை மட்டும் அழைப்பது முறையாகுமா? காமாட்சி காமு ஆவதும், விசாலாட்சி விசாலம் ஆவதும் இவ்வாறே. அவற்றிலும் மறைவது கண்ணே.

ஆயினும் மீனா என்னும் பெயரில் ஒரு நுட்பம் உண்டு. மீன என்பதன் ஈற்றில் உள்ள அகரமும், அக்ஷி என்பதன் முதலில் உள்ள அகரமும் இணைந்தே ‘னா’ என்னும் நெடில் பிறந்தது. இதனைத் தீர்க்க சந்தி என்பர். ஆகவே, மீனா என்று நீட்டி அழைக்கும்போது அந்நெடிலின் பாதி அன்னையின் கண்ணுக்கே உரியது. சொல் குறுகினும் கண் முற்றும் மூடவில்லை.

செல்லப் பெயர் அன்பின் விளைவு, அதில் குற்றமில்லை. பொருளை மறப்பதே குறை. தன் பெயருக்கு மீன் என்பது மட்டுமே பொருள் என்று எண்ணி வளரும் குழந்தைக்கு, தன்னை இமையாது நோக்கும் தாய் ஒருத்தி உண்டு என்னும் துணிவு எவ்வாறு வாய்க்கும்?

எனவே, அடுத்த முறை அர்ச்சனை செய்விக்கும்போது பெயரை முழுமையாகச் சொல்லுங்கள். அருகில் நிற்கும் குழந்தைக்கு அதன் பொருளையும் எடுத்துரையுங்கள். வீடு திரும்பிய பின் மீனா என்றே அழைக்கலாம். அழைப்பவர் நெஞ்சிலும் கேட்பவர் நெஞ்சிலும் அத்திருக்கண் விளங்கும்.