ஓய்மாநாடு: பாட்டில் எஞ்சிய சிற்றரசு

அச்சரப்பாக்கத்திலிருந்து தெற்கே திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் நாம் பலமுறை பயணம் செய்திருப்போம். திண்டிவனத்தைச் சூழ்ந்த நிலமே சங்க கால ஓய்மாநாடு. அதன் அரசன் நல்லியக்கோடன். அவனது கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்டது.

நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய சிறுபாணாற்றுப்படை, வஞ்சி, மதுரை, உறந்தை மூன்றினும் இவன் நாடே வளமுடையது என்கிறது. புலவர்க்கு இயல்பான மிகை அது. வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. நாம் நம்பத்தக்கது அந்நூல் கூறும் வழியும் உணவுமே. எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட மீன். வேலூரில் எயினர் மகளிர் ஆக்கிய புளிச்சோறும் காட்டுப் பசுவின் சுட்ட இறைச்சியும். ஆமூரில் உழவர் இல்லத்து வெண்சோறும் நண்டும். கடலும் காடும் வயலும் இச்சிறு நாட்டுள் அடங்கியிருந்தமை இதனால் விளங்கும். எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டியது என்பர் அறிஞர். பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் குறிக்கும் சோபட்மா துறைமுகமும் அதுவே எனக் கருதுவர். உமணரின் உப்பு வண்டிகளையும் பாட்டு காட்டுகிறது. மரக்காணத்தில் உப்பளங்கள் இன்றும் உள்ளன.

உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றினார். அவ்வேடுகள் செல்லுக்கு இரையாகியிருந்தால், புறநானூற்றுப் பாடல்கள் சிலவும், சோழர் கல்வெட்டுகளில் நாட்டுப் பிரிவின் பெயராக நின்ற ‘ஓய்மாநாடு’ என்னும் சொல்லுமே நமக்கு எஞ்சியிருக்கும்.