பேச்சு போனால் அறிவும் போய்விடுமா?

உங்கள் தெருவில் பெரியவர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வருபவர்கள் அவரிடம் பேசுவதில்லை. "சாப்பிட்டாரா? தூங்கினாரா?" என்று வீட்டாரிடமே விசாரித்துவிட்டுப் போகிறார்கள். நாளடைவில் அதுவும் நின்றுவிடுகிறது. அவரால் பேச முடியவில்லை. ஆகவே அவருக்கு எதுவும் புரியாது என்பது அவர்கள் எண்ணம். இது சரிதானா? ஆராய்ந்து பார்ப்போம்.

மூளையில் நடப்பது என்ன?

மூளையின் எடை நம் உடல் எடையில் சுமார் 50-ல் ஒரு பங்கு. ஆனால், நாம் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 5-ல் ஒரு பங்கு மூளைக்கே போகிறது. இந்த ஆக்சிஜனைக் கொண்டுவருவது இரத்தம். மூளையின் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ, சில நிமிடங்களிலேயே அப்பகுதியின் நரம்பணுக்கள் மடியத் தொடங்குகின்றன. இதுவே பக்கவாதம்.

உடலின் வலப்பக்கத்தை மூளையின் இடப்பாதியும், இடப்பக்கத்தை வலப்பாதியும் இயக்குகின்றன. விஞ்ஞானி லூயி பாஸ்டருக்கு 1868-ல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. அப்படியானால் பாதிக்கப்பட்டது மூளையின் எந்தப் பாதி? ஆம், வலப்பாதி. உடற்குறை நீங்காதபோதும் அவர் உதவியாளர்களின் துணையோடு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். வெறிநாய்க்கடிக்கு அவர் உருவாக்கிய தடுப்பூசி 1885-ல் ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது.

பேச்சின் இருப்பிடம்

பெரும்பாலோருக்கு மொழியைக் கையாளும் பகுதிகள் மூளையின் இடப்பாதியில் உள்ளன. 1861-ல் பாரிஸ் நகர மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைக் கண்டார். எதைக் கேட்டாலும் அவர் "டான்" என்றே சொல்வார். ஆனால் பிறர் பேசுவதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார். அவர் இறந்தபின் சோதித்ததில், மூளையின் இடப்பாதியின் முன்பகுதி சேதமடைந்திருந்தது. 1874-ல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் வேறொரு வகையை விளக்கினார். சற்றுப் பின்னாலுள்ள பகுதி கெட்டால் பேச்சு தடையின்றி வரும். ஆனால் பொருள் இராது. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும் கடினமாகும்.

இவ்வாறு மொழித்திறன் குலைவதைப் பேச்சிழப்பு என்கிறோம். குலைவது சொல்லும் மொழியுமே. ஆளை அடையாளம் காண்பது, அன்பு, கோபம், வெட்கம் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தம்மை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதை அவர் நன்றாகவே உணர்வார்.

சுவீடன் நாட்டுக் கவிஞர் தோமாஸ் டிரான்ஸ்ட்ரோமரைப் பாருங்கள். 1990-ல் வந்த பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சும் பெரும்பாலும் போயிற்று. அவர் இடக்கையால் பியானோ வாசித்தார். கவிதை நூல்களும் வெளியிட்டார். 2011-ல் இலக்கிய நோபல் பரிசு பெற்றார்.

பேச்சு திரும்புமா?

மடிந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை. ஆனால் சேதமடையாத பகுதிகள் புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு ஓரளவு அவ்வேலையை ஏற்கின்றன. அதற்குப் பயிற்சி வேண்டும். பேச முடியாத சிலர் பழகிய பாட்டைச் சொற்களோடு பாடிவிடுவார்கள்! இதைக் கொண்டு, மெட்டின் வழியே பேசப் பழக்கும் முறை 1970-களில் அமெரிக்காவில் உருவாயிற்று. மருத்துவர் தரும் பயிற்சி நாளுக்குச் சிறிது நேரமே. மற்ற நேரமெல்லாம் பேச்சுத் துணை யார்? வீட்டாரும் நண்பர்களும்தாமே? அவர்கள் ஒதுங்கினால் பயிற்சியும் குறைந்துபோகும்.

செய்து பாருங்கள்

பேசாமலும் எழுதாமலும், "நேற்று வாங்கிய பேனாவில் மை தீர்ந்துவிட்டது" என்பதை நண்பனுக்கு உணர்த்துங்கள். எவ்வளவு நேரத்தில் எரிச்சல் வருகிறது? நண்பன் செய்தவற்றுள் எது உதவியது? குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் உதவக்கூடிய வழிகள்

1. அவர் முகம் பார்த்துப் பேசுங்கள். காது நன்றாகக் கேட்பவரிடம் கத்த வேண்டியதில்லை.

2. ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் சொல்லுங்கள். பிறகு காத்திருங்கள். அவர் தேடும் சொல்லை அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

3. "ஆம்", "இல்லை" என்று தலையசைத்துப் பதில் தரக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். படம், நாள்காட்டி, செய்தித்தாள் ஆகியவற்றைக் காட்டிப் பேசுங்கள்.

4. தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். கூட்டமாகப் போகாமல் ஓரிருவராகப் போங்கள். அவர் விரைவில் களைத்துவிடுவார்.

5. தாயம், சதுரங்கம் போன்றவற்றில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சு இல்லாமலும் ஆட்டம் நடக்குமே!

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஒருவருக்குத் திடீரென முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

சிந்தியுங்கள்

1. ஒருவருக்கு வலக்கையும் பேச்சும் ஒருசேரப் பாதிக்கப்படுவது ஏன்?

2. "அவருக்கு எதுவும் புரியாது" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன விடை அளிப்பீர்கள்?