முப்பது நாளுக்குள் ஒரு கண் பரிசோதனை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ‘செக்கிங்’ என்றொரு பிரிவு உண்டு. துணியில் ஓட்டையோ தையல் பிசகோ இருந்தால் அங்கேயே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம். பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிய பின் கண்டு பயனில்லை. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் கண்களுக்கும் இப்படி ஒரு ‘செக்கிங்’ தேவை. அது ஏன், எப்போது என்பதைக் காண்போம்.

விழித்திரையில் நடப்பது என்ன?

கண்ணின் உட்புறத்தில், பின்பக்கம் அமைந்த மெல்லிய படலமே விழித்திரை. கருவின் 16ஆவது வாரத்தையொட்டி, இதன் நடுப்பகுதியிலிருந்து விளிம்பை நோக்கி இரத்தக் குழாய்கள் வளரத் தொடங்குகின்றன. விளிம்பு முழுவதையும் எட்ட ஏறக்குறைய 40 வாரங்கள் ஆகும். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இவ்வேலை இன்னும் முடிந்திருக்காது.

கருப்பையில் ஆக்சிஜன் குறைவு. பிறந்த பின் அது திடீரெனக் கூடுகிறது. அதனால் இரத்தக் குழாய்களை வளர்க்கும் புரதம் குறைந்து, வளர்ச்சி தடைப்படுகிறது. சில வாரங்களில் விழித்திரைக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. அப்போது அதே புரதம் மிகுதியாகச் சுரந்து, தாறுமாறான குழாய்கள் கிளைக்கின்றன. அவை தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையே பெயர்த்துவிடக்கூடும்.

இந்நோயை 1942இல் பாஸ்டன் நகரின் டாக்டர் டெர்ரி விவரித்தார். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் காரணமாகலாம் என்று 1951இல் மெல்பர்ன் டாக்டர் கேட் கேம்ப்பெல் எழுதினார். ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தாலோ குழந்தையின் உயிருக்கு ஆபத்து. எனவே அதை அளந்தே தரவேண்டும்.

நாட்டுக்கு நாடு வேறுபடும் அளவு

அமெரிக்காவில் பொதுவாக 30 வாரம் வரை பிறந்த, அல்லது 1,500 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். இந்தியாவிலோ 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும். ஏன் இந்த வேறுபாடு? ஆக்சிஜனை அளந்து தரும் வசதி இங்கே எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே சீராக இல்லை. அதனால் சற்று எடை கூடிய குழந்தைகளையும் இந்நோய் தாக்குகிறது. அமெரிக்க அளவை அப்படியே பின்பற்றினால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

கெடு எப்போது?

முதல் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள்; மிகச் சிறிய குழந்தைகளுக்கு 2 அல்லது 3 வாரத்தில். குழாய்கள் முழு வளர்ச்சி அடையும்வரை மறுபரிசோதனைகளும் தேவை. நோய் முற்றுமுன் கண்டால் லேசர் ஒளியாலோ கண்ணில் போடும் ஊசியாலோ பார்வையைக் காக்கலாம்.

வெளியே பார்த்தால் கண் இயல்பாகவே தோன்றும். அதுதான் ஆபத்து. 1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆவது வாரத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இப்பரிசோதனை நடக்கவில்லை, பார்வை பறிபோயிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பணம் வந்தது, பார்வை வரவில்லை.

முப்பதாம் நாளில் பல குழந்தைகள் வீடு திரும்பியிருப்பார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெற்றோருக்கு ஒருநாள் மருத்துவமனைக்குப் போவதென்றால் அன்றைய கூலி போயிற்று. வெளிமாநிலத் தொழிலாளியானால் தாயும் சேயும் சொந்த ஊருக்கே போயிருக்கலாம். இந்த இடைவெளியைக் குறைக்க, கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவை ஒரு வழி கண்டுள்ளன. பயிற்சி பெற்றவர்கள் குழந்தைகள் வார்டுக்கே கேமராவுடன் சென்று விழித்திரையைப் படமெடுக்கிறார்கள். தொலைவிலுள்ள மருத்துவர் அதைப் பார்த்து முடிவு சொல்கிறார்.

மாணவர்களே! உங்கள் தெருவில் குறைமாதக் குழந்தை பிறந்தால், “கண் பரிசோதனை ஆயிற்றா?” என்று கேளுங்கள்.

சிந்திக்க: 33 வாரத்தில், 1,900 கிராம் எடையுடன் திருப்பூரில் பிறந்த குழந்தைக்குப் பரிசோதனை தேவையா? ஏன்?