பஸ்ஸில் எத்தனை பேர்?



காலை எட்டரை மணி. திருநகரிலிருந்து மதுரை பெரியார் பேருந்து நிலையத்திற்குச் செல்லும் ஒரு நகரப் பேருந்தை நினைத்துக் கொள்ளுங்கள். திருப்பரங்குன்றத்தில் கூட்டம் முண்டியடித்து ஏறுகிறது. உள்ளே இடமில்லை. புத்தகப் பையோடு ஒரு மாணவன் படிக்கட்டில் தொற்றிக் கொள்கிறான். "இந்த நேரத்திற்கு இன்னொரு பஸ் விடக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பஸ் விடுபவருக்கு முதலில் ஒன்று தெரிய வேண்டும். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்?

டிக்கெட்டை எண்ணினால் போதாதா?

போதாது. பள்ளி மாணவர் இலவசப் பாஸைக் காட்டிவிட்டுப் பயணம் செய்கிறார், டிக்கெட் வாங்குவதில்லை. டிக்கெட்டை மட்டும் எண்ணினால் அவர் கணக்கிலேயே வரமாட்டார். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அவர்களை எண்ணுவதற்காகவே கட்டணமில்லாத டிக்கெட் ஒன்று கொடுக்கிறார்கள். பணம் வாங்காவிட்டாலும் எண்ணிக்கை தேவை என்பது இதிலிருந்து விளங்குகிறது அல்லவா?

எண்ணும் கருவி

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல நகரங்களின் பேருந்துகளில், வாசலிலேயே எண்ணும் கருவி உண்டு. அதில் ஒரு வகையைப் பார்ப்போம். வாசலின் குறுக்கே, சற்று இடைவெளி விட்டு, இரண்டு அகச்சிவப்புக் கதிர்கள் பாய்கின்றன. வெளிப்புறக் கதிர் முதலிலும் உட்புறக் கதிர் அடுத்தும் மறைந்தால் ஒருவர் ஏறினார் என்று பொருள். வரிசை மாறினால் ஒருவர் இறங்கினார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இருவர் ஒட்டி ஏறினால் கருவிக்கு அவர்கள் ஒருவரே. படிக்கட்டில் நிற்பவர் பிறருக்கு வழிவிட இறங்கி மீண்டும் ஏறினால், ஒருவர் இறங்கினார், புதிதாக ஒருவர் ஏறினார் என்று எழுதிவிடும். ஆகவே எண்ணும் கருவியையும் யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும்!

படம் சாட்சி சொல்கிறது

இங்கேதான் வீடியோ உதவுகிறது. வாசலுக்கு மேல் ஒரு காமிரா வைத்துப் படம் பிடித்து, பிறகு நிதானமாக ஓட்டிப் பார்த்து எண்ணலாம். ஐயம் வந்தால் நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம். நேரில் நின்று எண்ணுபவருக்கு இந்த வசதி கிடையாது.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். படத்தில் கண்டபடி ஏறியவர்கள்: திருநகர் 6, திருப்பரங்குன்றம் 20, பசுமலை 8, பழங்காநத்தம் 6, மொத்தம் 40. கருவி சொன்னது: 6, 17, 9, 6, மொத்தம் 38. இரண்டுதான் குறைவு, நூற்றுக்கு ஐந்து. "பரவாயில்லையே" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். திருப்பரங்குன்றத்தில் மட்டும் 3 பேரைக் கருவி விட்டுவிட்டது. அது நூற்றுக்குப் பதினைந்து! பசுமலையில் படிக்கட்டு மாணவன் இறங்கி ஏறியதால் ஒன்று கூடி, அந்தக் குறையைக் கொஞ்சம் மறைத்துவிட்டது.

எல்லோரும் பெரியார் நிலையத்தில் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். கருவி 40 பேரையும் சரியாக எண்ணுகிறது. பசுமலையில் மாணவன் இறங்கியதையும் சேர்த்தால் இறங்கியவர்கள் 41. ஏறியவர்களோ 38. காலிப் பேருந்தில் மைனஸ் 3 பேர்! பிழை உண்டு என்பதை இது காட்டிக் கொடுக்கிறது. ஆனால் எந்த நிறுத்தத்தில் என்று சொல்லாது. அதைச் சொல்வது படம்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் மும்மூன்று பேரை விட்டிருந்தால் கணக்கு அழகாகச் சமப்பட்டு நம்மை ஏமாற்றியிருக்கும்.

இருவகைப் பிழைகள்

பிழைகளில் ஒரு வகை, ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். நூறு பயணங்களைக் கூட்டினால் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிடும். மற்றொரு வகை எப்போதும் ஒரே பக்கம் சாயும். எத்தனை நூறு பயணங்களைக் கூட்டினாலும் அது தீராது. ஜெர்மனியில் இத்தகைய கருவிகளைச் சோதிப்பதற்கான வி.டி.வி. 457 என்ற விதித்தொகுப்பு, இந்தச் சாய்வைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது.

மொத்தம் சரியாக வர, கருவியின் எண்களை எல்லாம் 40/38 ஆல் பெருக்கினால் என்ன? திருப்பரங்குன்றம் ஏறத்தாழ 18 ஆகும். இன்னும் இரண்டு குறைவு. பசுமலை 9½ ஆகும், உண்மையோ 8. கூட்டமுள்ள இடத்தில் விட்டதைக் கூட்டமில்லாத இடத்தில் சேர்த்தால் சரியாகுமா? ஆகவே கூட்டமான வேளையையும் காலியான வேளையையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மதியம் இரண்டு மணிப் பயணங்களை மட்டும் பார்த்துவிட்டுக் கருவிக்கு நற்சான்று தரக் கூடாது.

சாட்சிக்கும் சோதனை

படம் பார்ப்பவரும் மனிதரே, கண் தவறும். எனவே இருவர் தனித்தனியே எண்ண வேண்டும். கருவி சொன்ன எண் அவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனம் அந்த எண்ணை நோக்கியே இழுக்கும். இருவர் கணக்கும் மாறுபட்டால் அந்தப் பகுதியை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். கருவியின் கடிகாரமும் காமிராவின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நிறுத்தத்துக் கூட்டம் அடுத்த நிறுத்தத்தின் கணக்கில் ஏறிவிடும். பயணிகளின் முகம் நமக்குத் தேவையில்லை. மேலிருந்து தலைகள் தெரிந்தால் போதும்; எண்ணி முடித்ததும் படத்தை அழித்துவிடலாம்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஆசிரியரின் அனுமதியோடு, மாலை மணி அடித்ததும் பள்ளி வாசலில் வெளியேறுபவர்களை இரு நண்பர்கள் தனித்தனியே எண்ணட்டும். ஆசிரியர் மாடியிலிருந்து கைபேசியில் படம் பிடிக்கட்டும். பிறகு ஒப்பிடுங்கள். முதல் ஐந்து நிமிட நெரிசலில் எத்தனை தவறின? கூட்டம் குறைந்த பிறகு எத்தனை? தவறுகள் ஒரே பக்கம் சாய்கின்றனவா?

எண்ணுவது மிகவும் கடினமாவது கூட்டம் மிகுந்த இடத்தில்தான். இன்னொரு பஸ் மிகவும் தேவைப்படுவதும் அதே இடத்தில்தான். படிக்கட்டில் தொங்கிய மாணவன் கணக்கில் விடுபட்டால், அவனுக்கான பஸ்ஸும் வராமலே போய்விடும்.