பாட்டில் கிடைத்த பிழை

அரையாண்டு விடைத்தாள்களைக் கொடுத்த மறுநாள், எட்டாம் வகுப்பில் பேச்சே இல்லை. தமிழில் 19 மதிப்பெண் எடுத்த மாணவி தாளை நான்காக மடித்துப் பைக்குள் ஒளித்திருந்தாள். ஒருமை பன்மைப் பிழைகளுக்கு மட்டும் அதில் ஏழு சிவப்பு வட்டங்கள், நான் போட்டவை.

பாடத்தைத் தொடங்காமல் கைப்பேசியில் 'ஒவ்வொரு பூக்களுமே' பாடலைப் போட்டேன். 2004-இல் வந்த 'ஆட்டோகிராஃப்' படப் பாடல். எழுதிய பா.விஜய்க்கும் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. துன்பமே வராது என்று அது ஆறுதல் சொல்வதில்லை. வரும், எழுந்து நில் என்கிறது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

மனதில் பட்டதைச் சொல்லச் சொன்னேன். முன்வரிசையினர் 'தன்னம்பிக்கை' என்றார்கள், கட்டுரை நோட்டில் உள்ளபடியே. பிறகு அவள் எழுந்தாள்.

"டீச்சர், 'ஒவ்வொரு' வந்தா 'பூவும்'னுதானே வரணும்?"

சரிதான். 'ஒவ்வொரு' என்பதை அடுத்து ஒருமைதான் வர வேண்டும். மெட்டுக்காகக் கவிஞர் அப்படி எழுதியிருக்கலாம். பல ஆண்டுகளாக வகுப்பில் இந்தப் பாட்டைப் போடும் நான் ஒருமுறைகூட இதைச் சுட்டிக்காட்டியதில்லை.

"விருது வாங்கின பாட்டுலயுமா?" என்றாள் பக்கத்துப் பிள்ளை. வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

மணி அடித்ததும், மடித்த தாளைப் பிரித்தபடி என் மேசைக்கு வந்தாள். முதல் வட்டத்திலிருந்து தொடங்கினோம்.