அம்மா வைத்த கைநாட்டு

கேள்வி: எங்கள் ஊர் பண்ருட்டி பக்கம். போன மாதம் பல்கலைக்கழக மாணவர்கள் மருத்துவ முகாம் என்று வந்தார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கும் என் அம்மாவிடம் வருமானம், கழிப்பறை, அப்பாவின் குடி வரை கேட்டு எழுதிக்கொண்டார்கள். ரத்தம் எடுத்து, ஒரு தாளில் கைநாட்டும் வாங்கிப் போனார்கள். மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும், என்.எல்.சி.யில் ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பிக்குச் சிக்கல் வரும் என்று தெருவில் பேசுகிறார்கள். அம்மா சரியாகத் தூங்கி நாளாகிறது.
- எஸ்.க., பண்ருட்டி

பதில்: அம்மாவை முதலில் நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள் எஸ்.க. பல்கலைக்கழக ஆய்வில் சொன்ன பதிலைக் கொண்டு உரிமைத் தொகையை நிறுத்தும் ஏற்பாடு எதுவும் கிடையாது. இதுபோன்ற ஆய்வுகளில் எடுக்கும் ரத்தம் பெரும்பாலும் ஒரு தேக்கரண்டிதான். அந்தத் தாளும் சொத்துப் பத்திரமல்ல, ஒப்புதல் படிவம் (விவரம் தெரிந்து சம்மதித்தேன் என்பதற்கான ஒப்பம்). கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம்.

ஆனால் தெருவில் பேசுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்காகப் பழங்குடிச் சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். சில சிறுமிகள் இறந்தார்கள். இறப்புக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றது விசாரணை. ஆனாலும் சம்மதம் வாங்கிய லட்சணம் வெளியே வந்து, 2010-இல் ஆய்வு நின்றது. 2013-இல் நாடாளுமன்றக் குழுவும் கடுமையாகக் கண்டித்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் விவரத்தாளை அவர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக உடனிருந்து ஒப்பமிட வேண்டும். தாளின் ஒரு படி வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதையுமே காணோம். முகாம் என்று சொல்லி ஆய்வு நடத்துவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மருந்து கிடைக்கும் என்று வந்து நிற்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார்.

அதற்காக, யாரையும் வீட்டுப்படி ஏற்றாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே தேய்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுத் திண்ணையில் கொட்டை உடைப்பவர் மருத்துவமனைக்கு வந்தால்தான் அவர் பாடு பதிவேட்டில் ஏறும். வராதவரைத் தேடித்தான் ஆய்வாளர்கள் வர வேண்டியிருக்கிறது. உங்கள் பக்கத்து நெய்வேலியிலேயே பாருங்கள்: 2023-இல் பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு தண்ணீரில் பாதரசம் இருப்பதாகச் சொன்ன பிறகுதானே தண்ணீர் மாசு பற்றிய பேச்சு பெரிதாயிற்று?

தம்பியைப் பற்றி: முறையான ஆய்வில் பெயரை நீக்கிக் குறியீட்டு எண் போடுவார்கள். ஆனால் சிறிய ஊரில் வேலை, வயது, தெரு மூன்றும் சேர்ந்தால் ஆளை ஊகித்துவிடலாம். தம்பியின் வேலை விவரத்தை எழுதியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள், தயக்கமே வேண்டாம்.

வந்தவர்கள் எந்தத் துறை என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், அநேகமாக அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் துறைத் தலைவருக்கு, அம்மாவின் படிவ நகலும் ரத்தப் பரிசோதனை முடிவும் வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதுங்கள். ஹீமோகுளோபின் (ரத்தச் சிவப்பணுவில் உயிர்வளி சுமக்கும் பொருள்) டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை; ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், இரும்புச்சத்து மாத்திரை இலவசம். பதில் வராவிட்டால் அதே பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு (ஆய்வில் பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழு) எழுதலாம். அதன் உறுப்பினர் செயலரின் தொலைபேசி எண் விவரத்தாளில் இருக்க வேண்டும். நடுவில் யாராவது ஆய்வு என்று போன் செய்து ஓ.டி.பி. கேட்டால் மட்டும் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். எந்த ஆய்வுக்கும் அது தேவையில்லை.