பள்ளியில் ஒரு சிறு கடல்நீர்த் தொட்டி: அமைப்பும் பராமரிப்பும்

கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் முறை சுமார் நூற்றெழுபது ஆண்டுகளாக வழக்கில் இருந்து வருகிறது. லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1853-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. இந்தியாவில் சென்னைக் கடற்கரையில் 1909-இல் ஒரு கடல்மீன் காட்சிச்சாலை தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. பம்பாயில் தாராபோர்வாலா மீன்காட்சிச் சாலை 1951-இல் அமைந்தது. இவையெல்லாம் பெருந்தொகை செலவிட்டு அமைத்தவை. இன்றோ, ஓர் உயர்நிலைப் பள்ளியின் விஞ்ஞானக் கூடத்திலேயே பவளப்பாறையை அண்டி வாழும் சில மீன்களையும் இறால்களையும் ஆண்டுக்கணக்கில் உயிருடன் வைத்திருக்க முடியும். ஆயினும் அவ்வாறு தொடங்கப்படும் தொட்டிகளிற் பல, முதல் மாதத்திலேயே மீன்கள் மடிந்து கைவிடப்படுகின்றன. இதற்குக் காரணம் பெரும்பாலும் பணக்குறைவன்று; அவசரமே. அந்த அவசரத்தைத் தவிர்க்கும் வழியை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. கடல்நீரின் தன்மை

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. இவற்றில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேலும், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவை எஞ்சியவற்றுள் முக்கியமானவை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிவந்த சாலஞ்சர் கப்பல் கொணர்ந்த 77 நீர் மாதிரிகளை டிட்மார் என்னும் இரசாயன அறிஞர் ஆராய்ந்தார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கிடம் மாறினும், அவ்வுப்புக்களிடையே உள்ள விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை என அவர் நிறுவினார். ஆகவே சமையலுப்பைக் கரைத்த நீர் கடல்நீராகாது. அதில் மக்னீசியமும் கால்சியமும் போதிய அளவில் இல்லாமையால் கடலுயிர்கள் பிழைக்க மாட்டா.

கடல்நீர் சற்றுக் காரத்தன்மையுடையது, அதன் பி.எச். மதிப்பு 8.1-க்கும் 8.3-க்கும் இடைப்பட்டது. மேலும், 27 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். கடல்நீரோ சுமார் 6½ மில்லிகிராமே கொள்ளும். எனவே, நன்னீர்த் தொட்டியில் வைக்கும் எண்ணிக்கையில் கடல்மீன்களை வைத்தல் தகாது.

2. தொட்டியும் கருவிகளும்

தொடங்குவோர் மிகச் சிறிய தொட்டியே எளிது எனக் கருதுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. நீரின் அளவு குறையக் குறைய, வெப்பமும் உப்பளவும் விரைவாக மாறுகின்றன. 90 சென்டிமீட்டர் நீளமும், 45 சென்டிமீட்டர் அகலமும், 45 சென்டிமீட்டர் உயரமும் உடைய தொட்டி பள்ளிக்குப் போதுமானது. இதில் 40 சென்டிமீட்டர் உயரம் வரை நிரப்பினால் 162 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் அடைக்கும் இடம் போக ஏறத்தாழ 140 லிட்டர் நீர் இருக்கும். நிரம்பிய தொட்டியின் எடை 200 கிலோகிராமுக்கு மேற்படும். ஆதலால் உறுதியான மேசையைச் சுவரோரம், வெயில் நேரே படாத இடத்தில், சமமட்டமாக அமைத்தல் வேண்டும். தொட்டியின் அடியில் தெர்மாக்கோல் தகடு ஒன்றை விரித்தால் மேசையின் மேடுபள்ளங்களால் கண்ணாடி விரிசலுறாது. கண்ணாடிகளைச் சிலிக்கோன் பசையினாலேயே ஒட்ட வேண்டும். இரும்புச் சட்டம் உப்புநீரில் துருப்பிடிக்கும். செம்பு, பித்தளை ஆகியவை நீரில் கரைந்து இறால், நத்தை முதலியவற்றைக் கொன்றுவிடும்.

தேவையான கருவிகள் சிலவே: நீரைச் சுழலச் செய்யும் சிறு பம்பு ஒன்று, காற்றுப் பம்பும் அதனோடு இணைந்த பஞ்சு வடிகட்டியும், வெப்பமானி, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். ஆகியவற்றைச் சோதிக்கும் மருந்துகள். மூடியுள்ள விளக்கு ஒன்று. மின்சாரம் தடைப்படும் ஊர்களில் மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றைக் கட்டாயம் வைத்திருத்தல் வேண்டும். நீரோட்டம் நின்று சில மணி நேரம் கழிந்தால் மீன்கள் மூச்சுத் திணறத் தொடங்கும்.

3. நீர் தயாரித்தல்

கடற்கரையிலுள்ள பள்ளிகள், கழிமுகத்துக்கும் துறைமுகத்துக்கும் அப்பால், கரையினின்று சற்று விலகிய இடத்தில் நீர் எடுக்கலாம். அந்நீரை மூடிய பாத்திரத்தில் இருளில் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து, தெளிந்தபின் வடிகட்டிப் பயன்படுத்துதல் நன்று. உள்நாட்டிலுள்ள பள்ளிகள் கடையில் விற்கும் கடலுப்புக் கலவையை வாங்கிக் கரைக்கலாம். 140 லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோகிராம் கலவை தேவைப்படும். குழாய்நீரில் குளோரின் இருந்தால் சோடியம் தயோசல்பேட் இட்டு அதனை நீக்கிய பின்னரே உப்பைக் கலக்க வேண்டும். தொட்டியில் உயிர்கள் இருக்கும்போது உப்பை அதனுள்ளேயே கொட்டிக் கரைத்தல் ஒருபோதும் கூடாது. தனிப் பாத்திரத்தில் கரைத்து, ஒரு நாள் முழுவதும் காற்றுச் செலுத்திய பின்னரே ஊற்ற வேண்டும்.

25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் 997 கிராமும், கடல்நீர் ஏறக்குறைய 1,023 கிராமும் நிறையுள்ளன. இவ்வேறுபாட்டையே ஹைட்ரோமீட்டர் காட்டுகிறது. அக்கருவி எந்த வெப்பநிலைக்கெனக் குறிக்கப்பட்டது என்பதைப் பார்த்து, அதே வெப்பநிலையில் அளத்தல் அவசியம்.

4. பாறையும் மணலும்

பவளப்பாறைத் தொட்டிக்குக் கடலினின்று பாறைத் துண்டுகளை எடுத்து வருவதே எளிய வழி எனத் தோன்றும். இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், உயிர்கள் ஒட்டி வாழும் கடற்பாறையையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே தொட்டி அமைக்கும் இயற்கை முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார்; அம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. ஆனால் இந்தியாவில் இது சட்டப்படி இயலாது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகளும், கருப்புப் பவளமும், நெருப்புப் பவளமும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் அவ்வாண்டில் இப்பாதுகாப்பைப் பெற்றன. உயிரற்ற பவளத் துண்டையும் கடற்கரையினின்று பள்ளிக்குக் கொண்டு வருதல் கூடாது என்பதை மாணவருக்கு ஆசிரியர் முதற்பாடமாகவே கூறுதல் வேண்டும்.

இத்தடைக்குத் தக்க காரணம் உண்டு. கச்சு வளைகுடா, மன்னார் வளைகுடா, இலட்சத்தீவுகள், அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் ஆகிய நான்கே இந்தியாவின் முக்கியப் பவளப் பகுதிகள். மன்னார் வளைகுடாவில் முற்காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளக்கற்கள் பெருமளவில் வெட்டி எடுக்கப்பட்டன. பவளப்பூச்சியின் திசுவினுள் வாழும் நுண்பாசிகளே அதற்கு வேண்டிய உணவின் பெரும்பகுதியைத் தயாரிக்கின்றன. கடல்நீரின் வெப்பம் கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி மிகுந்து சில வாரங்கள் நீடித்தால், அப்பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துவிடுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தியக் கடல்களில் இவ்வாறு வெளுத்தல் நேர்ந்தது. பெருங்கிளைகளாக வளரும் பவளங்களும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளர்வன. ஒரு நாளில் உடைத்ததைக் கடல் ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆகவே பள்ளித் தொட்டிக்குச் செயற்கைப் பாறையே தக்கது. மெருகிடாத சுட்ட மண்பாண்டத் துண்டுகளும், துளைகள் மிக்க சுட்டமண் கட்டிகளும் இதற்கு உதவும். சிமெண்டினால் பாறை செய்தால், அதனை நன்னீரில் பல வாரம் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே வந்து, பி.எச். மேலும் உயராத நிலை கண்ட பின்னரே பயன்படுத்தலாம். அடித்தளத்துக்குக் கழுவிய சிப்பிச் சுண்ணத்தூளை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புதல் போதும். கட்டிகளைக் குகைகளும் இடுக்குகளும் அமையுமாறு, கண்ணாடியைத் தொடாமல் அடுக்க வேண்டும். இவை மீன்களுக்கு மறைவிடமாவதோடு, நுண்ணுயிர்கள் தங்கும் இல்லமுமாகும்.

5. காத்திருக்கும் காலம்

இப்பாடத்தின் உயிர்நிலை இப்பகுதியே. மீனின் கழிவிலும் எஞ்சிய உணவிலும் உள்ள நைட்ரஜன், அம்மோனியாவாக நீரில் சேர்கிறது. பி.எச். மதிப்பு ஓர் அலகு உயர்ந்தால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகப் பெருகும். ஆதலால் நடுநிலையான நன்னீரில் மீன் தாங்கும் அம்மோனியா அளவு, கடல்நீரில் அதனைக் கொன்றுவிடும். ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு கிராம் உலர் உணவில் 45 விழுக்காடு புரதம் இருப்பின், அதில் சுமார் 72 மில்லிகிராம் நைட்ரஜன் உண்டு. அதிற் பாதி அம்மோனியாவாக வெளிப்பட்டாலும், 140 லிட்டர் நீரில் லிட்டருக்குக் கால் மில்லிகிராம் வீதம் சேரும். அதனை அகற்றுவோர் இல்லையெனில் நான்கு நாளில் அது ஒரு மில்லிகிராமாகிவிடும்.

அகற்றுவோர் நுண்ணுயிர்களே. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றை வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். இவை மெல்லப் பெருகும் இயல்பின. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடலாகாது.

இக்காலத்தில் நுண்ணுயிர்களுக்கு உணவாக, விரலளவு இறால் தசையை மெல்லிய துணியிற் கட்டித் தொட்டியில் தொங்கவிடலாம். சில நாளில் அம்மோனியா தோன்றி உயரும். பின்னர் அது குறைய, நைட்ரைட் உயரும். இறுதியில் அதுவும் குறைந்து நைட்ரேட் மட்டும் எஞ்சும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து சோதனையில் தென்படாமலிருந்தால் தொட்டி ஆயத்தம் எனக் கொள்ளலாம். பின்னர் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் நலம். பாறைகளின்மேல் பழுப்புநிறப் பாசி படர்வது இயல்பே. அதனைக் கண்டு தொட்டியைக் காலிசெய்து கழுவுவோர், வளர்ந்த நுண்ணுயிர்களையும் கழுவி எறிந்தவராவர்.

6. உயிர்களைத் தேர்தல்

முதலிற் சில சிறு நத்தைகளையும் துறவி நண்டுகளையும் விடலாம். இவை பாசியையும் எஞ்சிய உணவையும் உண்பவை. இரு வாரத்துக்குப்பின் மீன்களை விடலாம். பள்ளிக்கு மிகவும் ஏற்றது கோமாளி மீன். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம், விழிஞ்ஞம் ஆகிய இடங்களில் இம்மீன்களைக் குஞ்சு பொரிக்கச்செய்து வளர்க்கும் முறைகளை உருவாக்கியுள்ளது. பண்ணையிற் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்கும் உலர் உணவுக்கும் பழகியது. அதனை வாங்குவதால் பவளப்பாறைக்குக் கேடில்லை. கடலிற் பிடிக்கப்படும் அலங்கார மீன்களைச் சில நாடுகளில் சயனைடு நஞ்சைத் தெளித்து மயக்கிப் பிடிக்கும் தீய வழக்கமும் உண்டு. அதனால் மீனும் நலிகிறது, அருகிலுள்ள பவளமும் மடிகிறது.

இத்தொட்டிக்கு இரண்டு கோமாளி மீன்களும், உழுவை இனத்தைச் சேர்ந்த இரண்டு சிறு மீன்களும், ஓரிரு இறால்களும் போதும். கோமாளி மீன் கடலில் கடல் அனிமோனோடு கூடி வாழ்வதெனினும், தொட்டியில் அது இன்றியும் நன்கு வாழும். புதிதாக வந்த மீனைத் தனித் தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்து, வெண்புள்ளி நோய் முதலியன இல்லையெனக் கண்ட பின்னரே பெரிய தொட்டியில் சேர்க்க வேண்டும். செம்பு கலந்த மருந்துகளைத் தனித் தொட்டியிலன்றி வேறெங்கும் பயன்படுத்தலாகாது.

7. அன்றாடப் பராமரிப்பு

நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. இத்தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால் 4 லிட்டர் நீர் குறைந்ததாகும். உப்பளவு 35-இலிருந்து 36-ஆக உயரும். அதனை ஈடுசெய்ய நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றுதல் பலரும் செய்யும் பிழை. தொட்டியில் ஒரு கோடிட்டு நாள்தோறும் அதுவரை நிரப்புதல் நல்ல வழக்கம்.

உணவை நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் உண்ணும் அளவே இடுக. வாரந்தோறும் 14 லிட்டர் நீரை மாற்றுதல் நன்று; இதற்குச் சுமார் அரைக் கிலோகிராம் கலவை வேண்டும். வடிகட்டிப் பஞ்சை, வெளியேற்றிய அந்நீரிலேயே அலசவேண்டும். குழாய்நீரின் குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும். வெப்பநிலை 25 முதல் 28 டிகிரிக்குள் இருத்தல் வேண்டும். கோடையில் மூடியை நீக்கி, வலை பரப்பி, நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறியால் காற்று வீசச் செய்தால் ஆவியாதலினால் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி தணியும். விடுமுறை நாட்களில் பார்த்துக்கொள்வார் யாரெனத் தொடங்குமுன்பே முடிவு செய்தல் இன்றியமையாதது.

மாணவர் செய்யவேண்டியவை

(அ) முதல் ஆறு வாரமும் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளவுகளை இரு நாளுக்கொருமுறை குறித்து, மூன்று கோடுகளாக வரைபடத்தில் வரைக. எந்தக் கோடு எப்போது எதனைக் கடக்கிறது?

(ஆ) ஒரு வாரத்தில் ஆவியான நீரை அளந்து, ஈடுசெய்யாதிருந்தால் உப்பளவு எவ்வளவு உயர்ந்திருக்கும் எனக் கணக்கிடுக.

(இ) இரு கோமாளி மீன்களுள் பெரியது எது எனக் கண்டறிக. இவ்வினத்தில் மீன்கள் முதலில் ஆணாக முதிர்கின்றன, பெரியதே பெண்ணாகும். பெண் மறைந்தால் ஆண் பெண்ணாக மாறும். முட்டையிடின் அதனைக் காப்பது எது என்பதையும் குறித்து வைக்க.

ஆறு வாரம் வெறும் நீரையும் கல்லையும் பார்த்துக்கொண்டிருக்க மாணவர் பொறுமை கொள்ளார் என ஆசிரியர் அஞ்சக்கூடும். ஆனால் சோதனைக் குழாயின் நிறம் வாரந்தோறும் மாறுவதைக் காணும் மாணவன், கண்ணுக்குப் புலனாகாத உயிர்களே கடலின் நலத்தைக் காக்கின்றன என்பதைத் தன் கையாலேயே அறிகிறான். அதன்பின் தொட்டியில் நீந்தும் முதல் மீன் அவனுக்கு வெறும் வேடிக்கைப் பொருளாகத் தோன்றாது.